பருவம் சொல்லப்படாத திணை

தொல்காப்பியம் முல்லைக்குக் காரைக் கொடுத்தது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும். பாலைக்கு வேனிலையும் பின்பனியையும். மருதத்துக்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது என்று எதுவும் கொடுக்கவில்லை. நெய்தலுக்கு ஒரு நாளின் சிறு துண்டை, வெயில் சாயும் எற்பாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிட்டது. தனியாக ஒன்றும் சொல்லப்படாததால் ஆறு பருவமும் இவற்றுக்கு உரியவை என்று உரைகாரர்கள் பின்னால் வந்து சமாளித்தார்கள். எல்லாமே உனக்குத்தான் என்று சொல்வது ஒன்றையும் கொடுக்காமலிருப்பதற்கு ஒரு நாகரிகமான வழி.

கிள்ளை இந்தப் பருவமில்லாத திணையில் இருக்கிற ஊர். வடக்கே பரங்கிப்பேட்டையும் வெள்ளாற்று முகமும், தெற்கே கொள்ளிடத்து முகமும், இடையில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு, மேற்கே சிதம்பரம். ரயிலில் வந்தால் பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு சிறிய ஸ்டேஷன். கிள்ளை என்றால் கிளி. சொல்லிக் கொடுத்த பெயரைப் பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்வதற்குப் பேர்போன பறவை. ஊர்ப் பெயருக்கும் பறவைக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரை பேச வந்தது பெயர்களையும் அவற்றைத் திருப்பிச் சொல்கிறவர்களையும் பற்றித்தான் என்பதால், கிளியை விட்டுவிட மனம் வரவில்லை.

நம் கவிஞர்களுக்கு வசந்தம் வந்துவிடுகிறது. எங்கே, எந்தச் செடியில் வந்தது என்பதுதான் தெரிவதில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து வந்த கவிதைகளை எடுத்துப் பார்த்தால், பூ இருக்கிறது. என்ன பூ என்பது பெரும்பாலும் இல்லை. மரபுக் கவிஞர்களிடம் நிலைமை தலைகீழ். கொன்றை, குருந்து, செருந்தி, வேங்கை என்று பெயர்கள் வரிசையாக வரும். அவற்றில் நாலைத் தம் தெருவில் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்கள். ஒரு கோஷ்டியிடம் பெயரில்லாத பூ. இன்னொரு கோஷ்டியிடம் பூவில்லாத பெயர். இரண்டுக்கும் நடுவில், கிள்ளை மாதிரி ஓர் ஊரின் வீட்டுக் கொல்லையில், மாசியிலிருந்து வைகாசி வரை வருஷா வருஷம் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு இலக்கியத்தில் பதிவு குறைவு.

அந்தக் காரியம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்கலாம். தையில் பூத்த மா, மாசியில் பிஞ்சாகிக்கொண்டிருக்கும். முருங்கை வெள்ளையாகப் பூத்து, காலையில் பார்த்தால் கிணற்றடி முழுக்க உதிர்ந்து கிடக்கும். பெருக்குகிறவளின் முணுமுணுப்பும் அந்தப் பருவத்தைச் சேர்ந்ததுதான். கல்யாண முருங்கை, முள்முருங்கை என்றும் சொல்வது, இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூக்கும். புங்கை பங்குனி வாக்கில் பழுத்த இலையை உதிர்த்து, ஒரு சில வாரத்திலேயே கண்ணைக் கூசுகிற இளம் பச்சையில் நிற்கும். பின்னாலேயே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள், அவையும் பொரி கொட்டியதுபோல் தரையில். இலுப்பையும் அப்படித்தான், இலை போய்ப் பூ. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியைச் சொன்னவன் அதன் கீழே நின்று பொறுக்கித் தின்றவனாக இருக்க வேண்டும். வேம்பு பழுத்து உதிர்ந்து, செந்தளிர் விட்டு, பங்குனிக் கடைசியில் பூக்கும். கறிவேப்பிலையில் வெள்ளைக் கொத்து வரும். அதை யாரும் பூ என்று மதிப்பதில்லை, இலையைக் கிள்ளும்போது கையோடு வருகிற இடைஞ்சல் என்றுதான் நினைப்பார்கள். வேலியோரத்துப் பூவரசு காலையில் மஞ்சளாகத் திறந்து, சாயங்காலத்துக்குள் செந்நிறமாகி வாடிவிடும். அதற்குப் பருவமில்லை, ஆண்டு முழுக்கப் பூ. மல்லிகைக்கு இனிமேல் ஆடி வரைக்கும் நல்ல காலம். தெருவில் சரக்கொன்றை சித்திரையில் மஞ்சளாகத் தொங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உதிர்வதும் தளிர்ப்பதும் பூப்பதும் இங்கே ஒரே மாதத்துக்குள் நடக்கின்றன. ஐரோப்பியனுக்கு உதிர்வு ஒரு பருவம், தளிர்ப்பு இன்னொரு பருவம். நடுவில் பனிக்காலம் ஒன்று மரணம் மாதிரிப் படுத்துக் கிடக்கும். அவனுடைய கவிதையில் வசந்தம் உயிர்த்தெழுதல் ஆவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். நாமோ 'இலையுதிர் காலம்' என்று ஒரு பருவத்தை மொழிபெயர்த்து வாங்கி, பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் சேர்த்து, கவிதைக்குள்ளும் விட்டுவிட்டோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறில் அது கிடையாது. இருக்கவும் முடியாது. பின்பனியின் கடைசி இலை விழும்போதே இளவேனிலின் முதல் தளிர் வந்துவிடுகிறது. இந்த ஊரில் மரத்தின் சோகத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் அவகாசம்.

சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனியின் 'அழியாச்சுட'ரில் ஜன்னலுக்கு வெளியே இலையற்ற ஒரு மரம் நிற்கிறது. அதைத் தேடலின் குறியீடு, சூன்யத்தின் குறியீடு என்றெல்லாம் நம் வட்டத்தில் நிறையப் பேசியாகிவிட்டது, பேசியது தப்பில்லை. ஆனால் அந்த மரத்தை இந்தப் பிரதேசத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தட்டுப்படுகிறது: இலையற்ற மரம் இங்கே முடிவைச் சொல்லாது, பூவுக்கு முந்திய வாரத்தைச் சொல்லும். மௌனி இதை நினைத்து எழுதினாரா என்பது என் அக்கறையல்ல. வாசிக்கிற நாம் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்காமலே வாசித்தோம் என்பதுதான்.

கடற்கரைக்கு இளவேனிலைக் கொண்டுவந்த பெருமை இளங்கோவுக்கு உண்டு. கிள்ளையிலிருந்து கொள்ளிடம் தாண்டித் தெற்கே போனால் புகார். வேனிற்காதையில் பருவம் இளவரசன் மாதிரி பரிவாரத்தோடு வருகிறது. பிரிந்து போன கோவலனுக்கு மாதவி கடிதம் எழுதுகிறாள். தாழை மடல்தான் ஓலை. பித்திகை அரும்புதான் எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. அந்த ஓலையை மலர் மாலைக்கு நடுவில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறாள். அவன் வாங்க மறுத்துவிடுகிறான். எவ்வளவு அழகான இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே ஒரு பூவாவது செடியில் இருக்கிறதா? பறித்துத் தொடுத்த பூ, எழுதுபொருளான பூ. தாழை எங்கே வளர்ந்தது, பித்திகை யார் வீட்டுக் கொடியில் அரும்பு விட்டது என்பது காவியத்துக்கு வேண்டியதில்லை. மாடத்திலிருந்து பார்க்கும்போது கொல்லை தெரியாது.

பூப் பட்டியல் என்றால் எல்லாருக்கும் குறிஞ்சிப்பாட்டுத்தான். கபிலர் 99 பூக்களை அடுக்கினார் என்பது வழக்கு. எண்ணுகிறவர்களைப் பொறுத்து இரண்டொன்று கூடும். இதைத் தமிழன் இயற்கையைக் கூர்ந்து நோக்கியதற்கு அத்தாட்சியாக மேடைகளில் காட்டுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலைச்சுனையில் குளித்த பெண்கள் பாறையில் பூக்களைக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலில் குறிஞ்சி இருக்கிறது, மருதத்து ஆம்பலும் தாமரையும் இருக்கின்றன, நெய்தலின் தாழையும் புன்னையும் இருக்கின்றன, தில்லையும் இருக்கிறது. தில்லை உப்பங்கழி ஓரத்து மரம். அது மலைச்சாரலில் கிடைக்காது. எல்லாத் திணைப் பூவும் எல்லாப் பருவத்துப் பூவும் ஒரே பாறையில் ஒரே மத்தியானத்தில் சேர்ந்திருக்கின்றன. இது தோட்டமல்ல, அகராதி. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்ற பழைய குறிப்பை நம்பினால், வெளியூர்க்காரனுக்கு எழுதிய பாடப் புஸ்தகம். பாடப் புஸ்தகம் என்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. பார்த்தலையும் தொகுத்தலையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதில்தான் கோளாறு.

அந்த அகராதியிலும் சில பூக்கள் ஒருமுறை உதிர்ந்துபோயின. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் அச்சிட்டார். அதற்காக ஏடுகளை ஒப்புநோக்கியபோது, கைக்குக் கிடைத்த பிரதிகளில் இந்தப் பட்டியலின் சில பெயர்கள் இல்லை. எங்கெங்கோ தேடி, கடைசியில் மாயூரத்துக்குப் பக்கத்திலுள்ள தருமபுரம் மடத்தின் பழைய ஏடுகளுக்குள் அவை கிடைத்தன. இதை அவரே 'உதிர்ந்த மலர்கள்' என்று தலைப்பிட்டுப் பின்னால் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்வளவு பொருத்தமான தலைப்பு அபூர்வம். காணாமற்போன பூவைத் தேடி ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்தார். தேடியது காட்டில் அல்ல, ஏட்டில். அவர் வேலை அது, அவர் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் ஐயர் மீட்டுத் தந்த பெயர்களுக்குச் செடியைக் காட்டுகிற வேலை அப்படியே நின்றது. பி.எல். சாமி அதை எடுத்துக்கொண்டார். 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' என்ற அவருடைய நூலுக்கு நம் விமரிசகர்கள் கொடுத்த கவனம் சொற்பம். பிறகு கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்க'ளைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இருவருமே பாட்டில் சொன்ன லக்ஷணத்தைச் செடியோடு வைத்துப் பார்த்தவர்கள். கவிதை விமரிசனத்தில் இதைவிடக் கறாரான காரியம் எதுவும் எனக்குத் தெரிய இல்லை.

இது ஏன் கஷ்டமான வேலை என்பதற்குக் கிள்ளையிலேயே உதாரணம் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் வழை என்ற மரத்துக்கு உரைகாரர் தரும் பொருள் சுரபுன்னை. உரை எழுந்த காலத்தில் கேட்டவனுக்குப் புரிந்த பெயர். இன்று பிச்சாவரத்தில் படகுக்காரரிடம் சுரபுன்னை எது என்று கேட்டால், நீரில் நூறு கால் ஊன்றி நிற்கிற அலையாத்தி மரத்தைக் காட்டுவார். மலைமரத்தின் பெயர் கழிமுகத்து மரத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. உரையை மட்டும் படித்தவன் கழியில் மலையைப் பார்ப்பான். படகில் மட்டும் போனவன் மலைப்பாட்டில் சேற்றைப் பார்ப்பான்.

பட்டியலுக்கு வெளியே, ஓரிரு இடங்களில், சங்கக் கவி உண்மையாகவே பார்த்திருக்கிறான். அதுவும் இதே தில்லையை. புறநானூற்றின் 252ஆம் பாட்டில் ஒருவன் வீட்டைத் துறந்து காட்டில் இலை பறித்துக்கொண்டிருக்கிறான். ஒரு காலத்தில் பெண்களைச் சொல்லால் வளைத்தவன். அருவியில் ஓயாமல் குளித்து நிறம் மாறிப்போன அவன் சடை தில்லையைப் போலிருக்கிறது என்று பாட்டு சொல்கிறது. தில்லை மரத்தைப் பார்த்திராதவனுக்கு இந்த உவமை ஒன்றுமே இல்லை. பார்த்தவனுக்குத் தெரியும்: அதன் இலை உதிர்வதற்கு முன் மஞ்சளாகிச் சிவந்து, பச்சைக் காட்டின் நடுவில் மரம் செம்பட்டை மயிரோடு நிற்பதுபோல் தெரியும். எண்ணெய் காணாத தலை. உதிரப்போகிற இலையின் நிறத்தை, வாழ்க்கையை உதிர்த்துவிட்டு வந்தவன் தலையில் வைத்தான் கவிஞன். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனார் தில்லையை வேலியாகக் கொண்ட ஓர் ஊரைச் சொல்கிறார். வேலி. ஊர்க்காரன் பயன்படுத்திய விதம் ஒரே சொல்லில் வந்துவிட்டது; பாலுள்ள மரம், ஆடுமாடு கடிக்காது, அந்நியன் கை வைக்கமாட்டான். இந்த இரண்டு இடங்களுக்காகக் குறிஞ்சிப்பாட்டின் முழுக் குவியலையும் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றுகிறது. தோன்றலாம், கொடுக்க வேண்டியதில்லை.

கொன்றை விஷயம் இன்னும் சுவாரசியமானது. கொன்றை காருக்கு உரியது என்பது கவிமரபு. குறுந்தொகை 21இல் கொன்றை பூத்துவிட்டது. கார் வந்துவிட்டது என்று காடே சொல்கிறது. அவள் மட்டும், அவர் பொய் சொல்லமாட்டார், ஆகவே இது காரல்ல, நான் நம்பவில்லை என்கிறாள். பூவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, சாட்சியை நிராகரிக்கிறாள். பின்னால் வந்த பாவலர்களுக்கு மிஞ்சியது கொன்றை = கார் என்ற சமன்பாடு மட்டும். தெருவில் சித்திரையில் கண்ணெதிரே மஞ்சளாகத் தொங்குவதைக் கடந்து போய், வீட்டுக்குள் உட்கார்ந்து கார்காலக் கொன்றை பாடுவது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தத் தலைவியாவது ஓர் ஆளின் சொல்லை நம்பிப் பூவை மறுத்தாள். இவர்கள் இலக்கணத்தின் சொல்லை நம்பி மறுத்தார்கள்.

இந்தக் கடற்கரையில் செடியைச் செடிக்காகவே பார்க்கிறவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலில் வந்தார்கள். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக 1768இல் வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் சீடர். சம்பளம் நோயாளிக்கு, மனசு செடிக்கு. காய வைத்த செடிகள் இங்கிருந்து குருவுக்குப் போயின. 1771இல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குப் பெயர் வைத்தபோது அதில் கோனிக்கின் பெயரைச் சேர்த்தார். பின்னால் வந்த மாற்றத்தில் அது 'முர்ரயா கோனிகி' ஆயிற்று. முர்ரே என்பவரும் லின்னேயஸின் மாணவர்தான். கொல்லையில் தினமும் கிள்ளித் தாளிக்கிற செடியின் விஞ்ஞானப் பெயரில் ஒரே வாத்தியாரின் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் பூவென்றே மதிக்காத அந்த வெள்ளைக் கொத்தைப் பிரித்து, இதழையும் கேசரத்தையும் எண்ணித்தான் அந்தப் பெயர் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குப் பின் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் இன்னும் விசேஷமானவர். 1776இல் வந்து அறுபது வருஷம் இங்கேயே இருந்து 1836இல் இறந்தார். ஒரு கையில் செடி சேகரிப்பு, இன்னொரு கையில் தமிழ் அகராதி. அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. பெயரையும் செடியையும் ஒரே மேஜையில் வைத்திருந்த ஓர் ஆள், ஒரு ஜெர்மன் பாதிரி. இதைச் சொல்லி வெட்கப்பட வேண்டும் என்பதல்ல. அதே காவிரிக் கரையில் மடங்களில் அபாரமான புலவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே மேஜைக்குரியவை என்று ஏன் தோன்றவில்லை என்பது நம் இலக்கிய வரலாறு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தோன்றியிருந்தால் வழைக்கும் சுரபுன்னைக்கும் இந்தக் கதி வந்திராது.

வெள்ளைக்காரன் வைத்த பெயர்களிலும் கண்மூடித்தனம் உண்டு. தில்லைக்கு 1759இலிருந்து வழங்கும் பெயர் 'எக்ஸ்கோகேரியா அகல்லோக்கா'. முதல் பாதி குருடாக்குவது என்ற பொருளுடையது. பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று கரையோரத்தான் சொன்னது லத்தீனில் ஏறிவிட்டது. இரண்டாம் பாதி அகிலைக் குறிக்கிற கிரேக்கச் சொல். அகிலோடு போட்டுக் குழப்பியதன் தழும்பு. வாசனைக் கட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் விஞ்ஞானப் பெயரை மாற்றக் கூடாது என்ற விதிப்படி அந்தக் குழப்பம் நிரந்தரமாகிவிட்டது. புங்கைக்கு நேர்ந்தது மேல்: மலபாரில் கேட்ட 'பொங்கம்' அப்படியே 'பொங்காமியா' ஆயிற்று. காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் 1915இல் தொடங்கி 1936இல் முடிந்தது. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் கே.எம். மாத்யூ கர்நாடகச் சமவெளிச் செடிகளை 1980களில் மீண்டும் முழுக்கத் தொகுத்தார். இவற்றைத் தமிழ்க் கவிதை வாசகன் புரட்டியதில்லை. தாவர சாஸ்திரிகள் குறுந்தொகையைப் புரட்டியதில்லை.

அப்படியானால் தமிழில் செடியைப் பார்த்துப் பெயர் வைக்கிற காரியம் சங்கத்தோடு நின்றுவிட்டதா? இல்லை. கொல்லைக்குப் போனால் தெரிகிறது. கடந்த சில நூற்றாண்டுகளில் கப்பலேறி வந்த செடிகளுக்கு நம் பெண்கள் வைத்த பெயர்களைப் பார்க்க வேண்டும். பெண்கள் என்று நான் துணிந்து சொல்கிறேன். தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள்தான். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடி, பகலெல்லாம் மூடிக்கொண்டிருந்து வெயில் சாயும்போது பூக்கிறது: அந்திமந்தாரை. மந்தாரை வேறு மரம், பெயர் இரவல். ஆனால் அந்தி இவர்கள் பார்த்தது. தொல்காப்பியம் நெய்தலுக்குக் கொடுத்த ஒரே பொழுது எற்பாடு என்றேன். பெருங்கடல் தாண்டி வந்த செடியைக் கரையோரத்து வீட்டுக்காரி அந்தச் சிறுபொழுதில் கொண்டுபோய் வைத்துவிட்டாள், சூத்திரம் தெரியாமலே. பிரேசிலிலிருந்து வந்த கொடியின் பகட்டான பாகம் பூவல்ல, நிறம் மாறிய இலை, தொட்டால் சரசரக்கும். தாவரவியல் படித்தவன் பூவிலை என்று விளக்குவதற்கு முன்பே, காகிதப்பூ என்று ஒருத்தி விரலால் தடவிச் சொல்லிவிட்டாள். அந்தக் கொடிக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயர் ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவனுடையது.

மடகாஸ்கரிலிருந்து வந்த செடிக்கு நம்மிடம் இரண்டு பெயர். ஒன்று நித்யகல்யாணி, வருஷம் முழுக்கப் பூப்பதால். மற்றது சுடுகாட்டு மல்லி. யாரும் தண்ணீர் விடாத இடத்தில், மணலிலும் வறட்சியிலும் பூப்பதால். மங்கலமும் அமங்கலமும் ஒரே செடியில். இரண்டும் ஒரே குணத்தைப் பார்த்துச் சொன்னவைதான்: அது ஓய்வதில்லை. வாசலில் நின்று பார்த்தவளுக்கு அது கல்யாணம், கரையில் நின்று பார்த்தவனுக்கு மயானம். ரத்தப் புற்றுக்கு மருந்தாகிற சத்தை இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்ததும் தமிழ்நாட்டில் இது வயலில் பயிராகி ஏற்றுமதியானதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக் கதை. இவ்வளவு முரணை ஒரு செடியின் மேல் ஏற்றி வைத்த பெயர்கள் கொல்லையில் கிடக்க, நம் கவிதை 'ஒரு மலர்' என்று எழுதிக்கொண்டிருந்தது.

தில்லைக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பிரதேசத்தில் பெயருக்கும் செடிக்குமான கணக்கு அதனிடம்தான் தீர்க்கப்படாமல் இருக்கிறது. மரம் ஊருக்குப் பெயர் தந்தது. தேவாரத்துக்கு வரும்போதே தில்லை என்றால் முதலில் தலம். மரம் பின்னால் மங்கலாக நிற்கிறது. பிறகு அது மனிதர்களின் பெயராயிற்று. தில்லைநாயகம், தில்லையம்மாள், தில்லைக்கண்ணு. சிதம்பரத்தில் நடந்தால் கடைப் பலகைகளில் தில்லை. ஊருக்குள் மரம் இல்லை. ஸ்தலவிருக்ஷத்தைப் பார்க்க வேண்டுமானால் கிள்ளைப் பக்கம் வந்து பிச்சாவரத்துக் காட்டின் கரையோரத்தைப் பார்க்க வேண்டும். காடு கடலின் பக்கம் சுரபுன்னைக்கும் கண்டலுக்கும் இடம் விட்டு, கொஞ்சம் மேட்டுப்பாங்கான நிலத்தில் தில்லையை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூ மஞ்சள் கலந்த பச்சையில் பூனைவால் மாதிரி சிறு கதிர். மாலை தொடுக்க உதவாது. தேனீக்கு உதவும். எவர் வீட்டுக் கொல்லையிலும் நடமாட்டார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பாலை யார் வைத்துக்கொள்வார்கள்? புனிதமும் விஷமும் சேர்ந்திருந்ததால் அது கோயிலிலும் தங்கவில்லை, வீட்டிலும் தங்கவில்லை.

காட்டிலும் அதை நிம்மதியாக விடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகளுக்கு வனத்துறை பிச்சாவரத்தைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டிற்று. வெட்டிய இடம் மறுபடி தானே முளைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு மேட்டுக்காட்டில் படித்த பாடம். கழியில் நடந்தது வேறு. நிழல் போன சேற்றில் வெயில் நேராக விழுந்தது; ஈரம் காய்ந்து மண் இறுகித் தாழ்ந்தது; நடுவில் தொட்டி மாதிரிப் பள்ளம் விழுந்தது; ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தங்கி, காய்ந்து, உப்பாகிக்கொண்டே போயிற்று. அலையாத்திக்கே தாங்காத உப்பு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகுதான் அந்தப் பொட்டல்களில் மறுபடி பச்சை வந்தது. எந்தப் பக்கத்தில் நீர் ஏறும், எங்கே தங்கும் என்று கழியில் கை விட்டு மீன் பிடிக்கிற இருளர்களுக்கு எப்போதும் தெரியும்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெருமளவு தப்பின. மணல் திட்டில் காடில்லாமல் கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்றவை தப்பவில்லை. மிஞ்சியவர்கள் கரைக்குள் தள்ளிக் குடியேற்றப்பட்டார்கள். அந்தப் பங்குனி சித்திரையில் இந்தக் கரையில் உப்புநீர் ஏறிய கொல்லைகளில் முருங்கை கருகி நின்றது, வாழை அழுகிற்று. 2005 ஐப்பசி, கார்த்திகையில் அடித்த பெருமழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும்வரை கிணற்று நீர் வாயில் வைக்க முடியாததாக இருந்தது. பருவம் தப்பிய வருஷம் என்று சொல்வதற்காவது, பருவம் என்ன என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேப்பம்பூவுக்குப் பாய் விரித்துப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கிள்ளைக்குப் பருவம் மாசியில் தொடங்குகிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இங்கே வருகிறார். வருகிற வழியில் தர்காவின் முன் நின்று மரியாதை ஏற்று, மாலை கொடுத்து வாங்கிப் போவது நெடுநாளைய வழக்கம். அந்த மாலைகளில் இருப்பது கடைப்பூ. அதற்குப் பிறகு வருவது ஆளில்லாத பருவம். பங்குனி முடியும்போது வேப்பமரத்தடியைப் பெருக்கி, சாயங்காலம் பாயோ பழைய புடவையோ விரித்துவிட்டால், விடியும்போது மேலே வெள்ளை உதிர்ந்திருக்கும். காற்று கிளம்புவதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். காம்பு, தூசி, எறும்பு நீக்கி முறத்தில் புடைத்து, நிழலில் ஒரு நாளும் வெயிலில் மூன்று நாளும் காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். அதில் ஒரு பிடியைப் பச்சையாகவே எடுத்து வைத்துக்கொள்வார்கள், சித்திரை முதல் நாள் வெல்லத்தோடும் மாங்காயோடும் சேர்த்துப் பச்சடி வைக்க.